பெத்தவர் ஒருத்தர், பேர் வெச்சவர் ஒருத்தர்

கார்ல் ஷீலேக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வெற்றிலை, பொடி மாதிரி ஊரறிந்த பழக்கம் அல்ல. அடுப்பில் எதைக் காய்ச்சினாலும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்ப்பார். குழம்புக்கு உப்பு பார்ப்பதுபோல ஹைட்ரஜன் சயனைடுக்கும் பார்த்தார். ருசி எப்படி என்று எழுதியும் வைத்தார். 43 வயதில் செத்துப்போனார் என்றால் "ஐயோ, அவ்வளவு சின்ன வயசிலா?" என்கிறார்கள். 43 வரைக்கும் எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதுதான் என் கேள்வி.

ஸ்வீடனில் மருந்துக் கடை வேலை. சம்பளத்துக்குக் களிம்பு அரைப்பது, மிச்ச நேரத்தில் தனிமங்களைக் கண்டுபிடிப்பது. கூடவே ஒரு சாபம்: இவர் கண்டுபிடித்தால் பேர் வேறு யாருக்காவது போகும். ஆக்சிஜனை இவர்தான் முதலில் பிடித்தார். ஆனால் புத்தகம் அச்சாகி வெளியே வருவதற்குள் 1777 ஆகிவிட்டது. அதற்கு முன்பே இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி கண்டு, அறிவித்து, கைதட்டலும் வாங்கியாயிற்று.

1774-ல் ஷீலே ஒரு கறுப்புக் கல்லைப் பொடித்து, உப்பிலிருந்து எடுத்த அமிலத்தில் போட்டுச் சூடாக்கினார். கல் மாங்கனீசு டையாக்சைடு. அமிலம் இன்று நாம் ஹைட்ரோகுளோரிக் என்கிறோமே, அது. மஞ்சளும் பச்சையுமாக ஒரு புகை வந்தது. சூடாக்கிய ராஜதிராவக வாடை. மார்பை அடைத்தது. பூவை நீட்டினார், வெளுத்தது. பச்சை இலையை நீட்டினார், அதுவும் வெளுத்தது. இத்தனை அமர்க்களம் செய்கிற ஒன்றைப் பார்த்தால் புதுசாக ஏதோ வந்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். ஷீலேக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் எரிகிற பொருளுக்குள் எல்லாம் ஃபிளாஜிஸ்டன் என்று ஒன்று ஒளிந்திருப்பதாக நம்பிக்கை. கண்ணால் கண்டவர் கிடையாது; ஆனால் அது இல்லாமல் வேதியியலில் இலை அசையாது. எனவே ஷீலே இந்தப் புகைக்கு "ஃபிளாஜிஸ்டன் நீங்கிய உப்பமிலம்" என்று ஒரு பேர் வைத்துவிட்டு அடுத்த சட்டியைக் கவனிக்கப் போனார்.

குளோரின் பிறந்த கதை இது. பிறந்தது தெரிந்தது, என்ன பிள்ளை என்றுதான் தெரியவில்லை.

பிறகு பிரான்சில் லவாய்சியே வந்தார். ஃபிளாஜிஸ்டனை அடித்துத் துரத்தினார். அந்த இடத்தில் தன் ஆக்சிஜனை உட்கார வைத்தார். ஆக்சிஜன் என்ற கிரேக்கச் சொல்லுக்கே "புளிப்பை ஈனுவது" என்றுதான் பொருள். ஆகவே எந்த அமிலமானாலும் உள்ளே ஆக்சிஜன் இருந்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பு. நம்ம பச்சைப் புகையிலும் ஆக்சிஜன் இருக்கிறது என்று சாதித்தார்கள். 1794-ல் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் லவாய்சியேயின் தலையைக் கில்லட்டினில் எடுத்தார்கள். தலை போனது, வாக்கு இன்னும் பல வருஷம் நின்றது. 1809-ல் பிரெஞ்சுக்காரர்கள் கே-லுசாக்கும் தெனாரும் பழுக்கக் காய்ச்சிய கரியின் மேல் அந்த வாயுவைச் செலுத்தி ஆக்சிஜனைப் பிய்த்தெடுக்கப் பார்த்தார்கள். ஒரு பொட்டு வரவில்லை. "இது தனிமமாகக்கூட இருக்கலாம்" என்று ஒரு வரி எழுதினார்கள். ஆனாலும் பழைய விளக்கமே தேவலை என்று அடுத்த வரியில் பின்வாங்கினார்கள். வாசல் வரை வந்து செருப்பையும் கழற்றிவிட்டு, உள்ளே போகாமல் திரும்பியவர்கள்.

உள்ளே போனவர் லண்டன் ஹம்ஃப்ரி டேவி. 1810-ல் இது தனிமம்தான், இதில் ஆக்சிஜனும் இல்லை கத்தரிக்காயும் இல்லை என்று சொல்லி, "குளோரின்" என்று பேர் வைத்தார். கிரேக்கத்தில் வெளிர்பச்சை என்று அர்த்தம். 36 வருஷம் பேரறிஞர்கள் மல்லுக்கட்டி, கடைசியில் பிள்ளைக்கு வைத்த பேர் பச்சையப்பன்.

ஸ்டாக்ஹோமில் பெர்சீலியஸ் மட்டும் இன்னும் பத்து வருஷம் போல முறைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் அன்னா என்று ஒரு சமையல்காரம்மா. கழுவப் போட்ட பாத்திரத்தில் ஆக்சி-மியூரியாட்டிக் அமில (நம்ம பச்சைப் புகையின் பழைய பேர்) வாடை அடிக்கிறது என்று அந்த அம்மாள் ஒருநாள் சொல்ல, இனிமேல் அப்படிச் சொல்லாதே, குளோரின் என்று சொல் என்று பெர்சீலியஸ் திருத்தினாராம். அங்கே மாணவராக இருந்த வோலர் இதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். ஐரோப்பாவின் பெரிய வேதியியல் சண்டை ஒன்று பாத்திரம் தேய்க்கிற இடத்தில் முடிந்தது எனக்குத் திருப்தியாகத்தான் இருக்கிறது.

குளோரின் பிறந்த குடும்பத்துக்கு ஹேலஜன் என்று பேர். முதலில் 1811-ல் ஷ்வைகர் என்ற ஜெர்மானியர் குளோரினுக்கு மட்டும் வைக்கப் பார்த்த பேர் அது. பிள்ளைக்கு ஒட்டாமல் பிறகு வீட்டுக்குப் போய் ஒட்டிக்கொண்டது. தமிழில் உப்பீனி. உலோகத்தோடு சேர்ந்தால் உப்பை ஈனும். மூலத்தைவிடத் தமிழ்ச் சொல் அழகாக அமைந்த சில இடங்களில் இதுவும் ஒன்று.

வீட்டில் இதற்குள் அடுத்த பிரசவம் ஆகிவிட்டது. நெப்போலியன் ஐரோப்பா முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சண்டைக்கு வெடிமருந்து வேண்டும், வெடிமருந்துக்கு வெடியுப்பு, வெடியுப்புக்குச் சாம்பல். விறகுச் சாம்பல் தட்டுப்பாடானதால் நார்மண்டி, பிரிட்டனிக் கரையில் ஒதுங்கும் கடற்பாசியை எரித்த சாம்பலில் இறங்கினார்கள். பாரிஸில் வெடியுப்புத் தொழில் செய்த பெர்னார் கூர்துவாவுக்கு ஒரே தலைவலி: அவருடைய செம்பு அண்டாக்கள் எல்லாம் அரித்துப் போயின. 1811-ல் அண்டாவைச் சுத்தம் செய்ய கந்தக அமிலத்தைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றினார். ஊதா நிறத்தில் புகை எழுந்தது. பக்கத்தில் குளிர்ந்திருந்த இடத்தில் எல்லாம் கறுப்பாகப் பளபளவென்று படிகம் ஒட்டியது. இந்த அமிலப் புட்டியைத் தட்டிவிட்டது அவர் வீட்டுப் பூனை என்று ஒரு கதை உலவுகிறது. கதை மெய்யானால் அயோடினைக் கண்டுபிடித்தது பூனை. கூர்துவாவுக்குக் கிடைத்த பங்கைப் பார்த்தால் பூனை ஒன்றும் பெரிதாக இழந்துவிடவில்லை.

ஆராய்ச்சிக்குக் கையில் காசு இல்லாததால் நண்பர்கள் இருவரிடம் பொருளைக் கொடுத்தார். அவர்கள் 1813 நவம்பரில்தான் வெளியே சொன்னார்கள். சரியாக அதே நேரத்தில் பாரிஸுக்கு யார் வந்து இறங்குகிறார்? ஹம்ஃப்ரி டேவி. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர். ஆனால் டேவி கையில் நெப்போலியன் கொடுத்த அனுமதிச் சீட்டு. கூடவே புது மனைவி, பெட்டி தூக்க மைக்கேல் ஃபாரடே. பின்னாளில் மின்சாரத்துக்கே ராஜாவாகப் போகிறவரை அந்த அம்மாள் வேலைக்காரனாகவே நடத்தினார். ஆம்பியர் கொஞ்சம் படிகத்தை டேவியிடம் கொடுக்க, போகிற இடமெல்லாம் கொண்டுபோகும் சோதனைப் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார் டேவி. "எங்க ஊர் சாமானை இங்கிலீஷ்காரனிடமா கொடுத்தீர்கள்!" என்கிற பதைப்பில் கே-லுசாக்கும் ராப்பகலாக இறங்கினார். குளோரின் வாசலில் திரும்பியவர் அல்லவா, இந்தத் தடவை விடுவாரா. சில நாள் இடைவெளியில் இருவருமே இது தனிமம் என்று அறிவித்து, யார் முந்தி என்று பல வருஷம் முகம் திருப்பிக்கொண்டார்கள். பேர்: அயோடின், அதாவது ஊதா. கூர்துவாவுக்கு 1831-ல் 6,000 பிராங்க் பரிசு வந்தது. 1838-ல் ஏழையாகச் செத்தார்.

அயோடினைப் பற்றி ஒரு பாவமன்னிப்பு. பள்ளியில் நான், "அயோடின் உருகாது, திண்மத்திலிருந்து நேரே ஆவியாகும், இதுவே பதங்கமாதல்" என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். பாதிதான் உண்மை. 114 டிகிரி செல்சியஸை எட்டினால் அயோடின் சமர்த்தாக உருகும், 184-ல் கொதிக்கும். அதற்குள் ஊதா ஆவி அடர்த்தியாகக் கிளம்பி மறைத்துவிடுவதால், அடியில் உருகி நிற்பது கண்ணில் படாது. நாங்கள் கண்டதும் புகைதான், எழுதியதும் புகைதான்.

மூன்றாவது பிள்ளை கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே குழந்தையை மூன்று பேர் தூக்கினார்கள்.

ஜெர்மனியில் கார்ல் லோவிக் என்ற பையன் சொந்த ஊரான கிராய்ட்ஸ்நாக்கின் உப்பு ஊற்று நீரிலிருந்து நாற்றம் பிடித்த ஒரு சிவப்புத் திரவத்தை எடுத்தான். 1825-ல் ஹைடல்பர்க்கில் படிக்கப் போனபோது பேராசிரியர் க்மெலினிடம் காட்டினான். அவர் மெச்சி, இன்னும் நிறையத் தயார் செய்து கொண்டா என்றார். நடுவில் பரீட்சை. அப்புறம் லீவு. பையன் படித்து எழுதி முடிப்பதற்குள், பிரான்சில் மோன்பெலியே ஊர் அந்துவான் பலார் அதே திரவத்தை 1826-ல் அறிவித்துவிட்டார். உப்பளத்தில் உப்பு எடுத்தபின் மிஞ்சுகிற கசப்பு நீரில் குளோரினை விட்டுப் பிடித்தது. வயது 23. பரீட்சைக்குப் படித்ததால் ஒரு தனிமத்தைக் கோட்டைவிட்டவர் லோவிக். பிள்ளைகள் இதை அப்பாக்களுக்குப் படித்துக் காட்டலாம்.

மூன்றாமவர் சாமானியர் அல்ல, யூஸ்டஸ் லீபிக். அதே கிராய்ட்ஸ்நாக்கிலிருந்து ஆய்வுக்கு வந்த சாமானைப் பார்த்ததும், இது அயோடினும் குளோரினும் சேர்ந்த சரக்கு என்று கண்ணாலேயே முடிவு கட்டி, "அயோடின் குளோரைடு" என்று சீட்டெழுதி ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார். பலாரின் சேதி வந்தது. புட்டியைப் போய்ப் பார்த்தார். உள்ளே இருந்தது முழுக்கத் தனிமம்; வெளியே ஒட்டியிருந்தது முழுக்கத் தப்பு. அந்தப் புட்டியைத் தன் தவறுகளுக்கென்றே ஒதுக்கிய அலமாரியில் வைத்து, ஊருக்கும் சொன்னார். இந்தக் கதையில் வருகிற பெரிய மனிதர்களில் தன் அசட்டுத்தனத்துக்குத் தானே காட்சிசாலை வைத்தவர் இவர் ஒருவர்தான். அதற்காகவே ஒரு கும்பிடு.

பலாரும் நினைத்த பேரை வைக்க முடியவில்லை. உப்புநீரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து "மியூரைடு" என்று அழகாக எழுதி அனுப்பினார். பாரிஸ் அகாதெமி கூடி யோசித்து, கிரேக்கத்தில் நாற்றம் என்று பொருள்பட "புரோமின்" என்று மாற்றியது. கடல்மணி என்று பேர் வைக்கப் போன இடத்தில் நாற்றமுத்து என்று பதிவாகி வந்தது. மாற்றிய குழுவில் யார் யார்? தெனார், கே-லுசாக். இவர்கள் இல்லாமல் அந்த ஊரில் ஒரு காதுகுத்துகூட நடக்காதுபோல.

அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் ஒரே அலோகம் புரோமின் என்று பாடப்புத்தகம் சொல்லும். யாருடைய அறை? மைனஸ் 7 டிகிரியில் உறைகிற சரக்கு அது. ஸ்வீடனின் உப்சாலாவில் ஜனவரி இரவில் ஷீலே அதைத் திண்ணையில் வைத்திருந்தால் காலையில் கட்டியாகக் கிடந்திருக்கும். சென்னையில் மே மாதம் விசிறி நின்றால் 30 டிகிரிக்குள் உருகும் சீசியமும் காலியமும்கூடத் திரவம்தான், மனிதர்கள் பாதி.

ஆனால் வரிசையைப் பாருங்கள். குளோரின் மைனஸ் 34-லேயே கொதித்து வாயுவாகிவிடும், புரோமினுக்கு 59 வேண்டும், அயோடினுக்கு 184. வாயு, திரவம், திண்மம் என்று ஒரே வீட்டில் மூன்று நிலை; நிறமும் வெளிர்பச்சை, செம்பழுப்பு, கருநீலம் என்று கறுத்துக்கொண்டே போகும். காரணம் குடும்பங்களில் நாம் காண்பதுதான். சின்ன அணு எலும்பும் தோலுமாக இருக்கும். எலக்ட்ரான்களை இறுக்கிப் பிடித்திருக்கும், பக்கத்து மூலக்கூறோடு ஒட்டாது, காற்றாய்ப் பறக்கும். கீழே போகப் போக உடம்பு பருக்கும். தொளதொளவென்று எலக்ட்ரான் மேகம் அசையும். அந்த அசைவில் ஒன்றையொன்று லேசாக இழுத்து, கல்யாண மண்டபச் சோபாவில் சாய்ந்த பெரியப்பாக்கள் மாதிரி எழுந்திருக்காமல் உட்கார்ந்துவிடும். இந்த இழுப்புக்கு 1930-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஃபிரிட்ஸ் லண்டன். சண்டைக்குணம் மட்டும் நேர்மாறு: இளைத்தவனுக்குத்தான் கோபம் அதிகம்.

வாயுவைத் திரவமாக்கியதில் ஒரு கூத்து. 1823-ல் ஃபாரடே குளோரின் ஹைட்ரேட்டை வாய் மூடிய கண்ணாடிக் குழாயில் சூடாக்கிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்த டாக்டர் பாரிஸ் (ஊர் அல்ல, ஆள்) குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதைக் காட்டி, பாத்திரத்தைக் கழுவமாட்டாயா என்று கிண்டலடித்தார். ஃபாரடே குழாயின் நுனியை அராவ, படாரென்று வெடித்து எண்ணெய் மாயமானது. மறுநாள் காலை டாக்டருக்கு ஒரு சீட்டு போனது: நேற்று நீங்கள் பார்த்த எண்ணெய், திரவக் குளோரின். டேவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யோசனை தன்னுடையது என்று ஃபாரடேயின் கட்டுரைக்குப் பின்னால் ஒரு குறிப்பைச் சேர்த்தார்.

அழுத்தித் திரவமாக்கினால் உருளையில் அடைக்கலாம். 1915 ஏப்ரல் 22-ல் பெல்ஜியத்தின் இப்ரே களத்தில் ஜெர்மானியர் அந்த உருளைகளைத் திறந்தார்கள். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான வாயு. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து பதுங்குகுழிக்குள் இறங்கியது. இதில் சிரிக்க எதுவும் இல்லை.

மூத்தவனைப் பின்னுக்கு வைத்தேன், காரணம் உண்டு. ஃபுளூரினுக்குப் பேர் 1812 வாக்கில் ஆம்பியர் சொல்லி டேவி எடுத்துக்கொண்டது. பிள்ளை கைக்கு வரவே இன்னும் எழுபத்துச் சொச்சம் வருஷம். பிரித்தெடுக்கப் போனவர்கள் பட்டியல் பள்ளி ஆண்டுவிழாப் பரிசுப் பட்டியல் அல்ல: டேவிக்கு உடம்பு கெட்டது, அயர்லாந்தின் நாக்ஸ் சகோதரர்கள் நச்சேறிச் சுருண்டார்கள், பெல்ஜியத்தின் லூயே செத்தார், பிரான்சில் நான்சி ஊரின் நிக்லே செத்தார். கண்ணாடியை அரிக்கும் அமிலத்திலிருந்து எல்லாவற்றையும் அரிக்கும் வாயுவை எடுக்க வேண்டும். எதில் பிடித்து வைப்பது?

ஆன்ரி முவாசான் பிளாட்டினத்தில் வளைகுழாய் செய்து, ஃபுளூரைட் கல்லிலேயே மூடி கடைந்து, குளிரவைத்து மின்சாரம் பாய்ச்சினார். 1886 ஜூன் 26. வந்த வாயுவில் சிலிக்கனைக் காட்ட, குப்பென்று பற்றியது. அகாதெமியிலிருந்து மூன்று பெரியவர்கள் பார்க்க வந்தார்கள். அதில் ஒருவர் தானும் பல வருஷம் முயன்று தோற்ற முவாசானின் ஆசிரியர் ஃப்ரெமி. பெரிய இடம் வருகிறதே என்று முவாசான் அமிலத்தை விழுந்து விழுந்து சுத்திகரித்திருந்தார். பெண் பார்க்க வருகிற நாளில்தான் வீட்டுக் குழாயில் தண்ணீர் நிற்கும். ஒரு குமிழ் வரவில்லை. பெரியவர்கள் போய்விட்டார்கள். பிறகுதான் புரிந்தது: சுத்தமான அமிலம் மின்சாரத்தைக் கடத்தாது, முன்பு கலந்திருந்த பொட்டாசியம் பைஃபுளூரைடு அழுக்குதான் வேலையை நடத்தியிருக்கிறது. அழுக்கைத் திரும்பப் போட்டதும் மறுநாள் ஃபுளூரின் வந்தது. லேசான மஞ்சள் வாயு. அதைத் திரவமாக்க மைனஸ் 188 வேண்டியிருந்தது. 1897-ல் பிரிட்டனின் டூவருடன் சேர்ந்து அதையும் செய்தார்.

1906 நோபல் பரிசு முவாசானுக்கு. தோற்ற போட்டியாளர் தனிம அட்டவணைக்கே சொந்தக்காரரான மெண்டலீவ். 1907 பிப்ரவரியில் 18 நாள் இடைவெளியில் இருவரும் போய்ச் சேர்ந்தார்கள். பின்கதை இன்னும் குசும்பு. பவேரியாவில் வோல்சென்டோர்ஃப் சுரங்கத்தில் உடைத்தால் நாறுகிற ஒரு ஃபுளூரைட் கல் உண்டு. நாற்றக்கல் என்றே பேர். அந்தக் கல்லுக்குள் தனி ஃபுளூரின் வாயு அடைபட்டிருப்பதை 2012-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். வேதியியலாளர்கள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தபோது சுரங்கத் தொழிலாளி அதை மூக்கால் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

அயோடினுக்குக் கீழே மெண்டலீவ் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். இங்கே கதை தலைகீழ். பிள்ளை இல்லை, பேர் மட்டும் குவிந்தது. 1931-ல் அமெரிக்காவில் "அலபாமைன்". 1937-ல் டாக்காவிலிருந்து ராஜேந்திரலால் தே கண்டதாகச் சொன்னதற்கு ஊர்ப்பேரில் "டாக்கின்". சுவிட்சர்லாந்திலிருந்து "ஹெல்வெட்டியம்". தொட்டில்கள் எல்லாம் காலி. 1940-ல் பெர்க்லியில் கோர்சன், மெக்கன்சி, சேக்ரே மூவரும் பிஸ்மத்தை ஆல்ஃபா துகள்களால் அடித்து நிஜமாகவே செய்தார்கள். ஆனால் பேர் வைக்க 1947 ஆனது. அஸ்டடைன், அதாவது நிலையில்லாதவன். நீண்டநாள் வாழும் வகைக்கே எட்டு மணி நேரத்தில் பாதி காலி. கண்ணில் படும் அளவு சேர்த்தால் தன் கதிரியக்கச் சூட்டிலேயே ஆவியாகிவிடும் என்பதால் அதன் துண்டைப் பார்த்தவர் யாரும் இல்லை. இருந்தும் பல அட்டவணைகளில் "திண்மம், கறுப்பு" என்று தைரியமாகச் சீட்டு ஒட்டியிருக்கிறது. லீபிக் கையெழுத்து மாதிரியே இருக்கிறது.

அதற்கும் கீழே டென்னசின். இதைச் செய்ய அமெரிக்காவின் டென்னசியில் 22 மில்லிகிராம் பெர்க்கீலியம் தயாரித்து ரஷ்யாவுக்கு அனுப்பினார்கள். அந்தச் சரக்கோ ஒரு வருஷத்துக்குள் பாதி அழிந்துவிடும். ரஷ்ய சுங்கத்தார் காகிதம் சரியில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்ப, அட்லாண்டிக்கை ஐந்து முறை கடந்தது. எப்படியோ டுப்னா போய்ச் சேர்ந்து, 2010-ல் ஆறு அணுக்கள் கிடைத்தன. 2016-ல் பேர் வைத்தபோது, இந்தக் குடும்பம் என்பதால் கடைசியில் "இன்" இருக்க வேண்டும் என்று விதிப்படி சேர்த்தார்கள். வாயுவா, திரவமா, திண்மமா, உப்பாவது ஈனுமா என்று அந்த ஆறிடம் கேட்டிருக்கலாம். கண் இமைப்பதற்குள் கிளம்பிவிட்டன.